கோட்டுக்குப் பின்னால் செருப்பு

ஜூன் 12, இரவு

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. அம்மாவின் சிநேகிதி என்ற பழக்கத்தில் 'அத்தை' என்று எழுதிவிட்டேன். பிறகு அடித்தேன். மேலே தெரியும் கறுப்புப் பட்டை அதுதான். வேறு தாள் எடுத்திருக்கலாம், ஆனால் நோட்டிலிருந்து கிழிக்கும் சத்தம் அப்பாவுக்குக் கேட்டுவிடும்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் வைத்து எழுதுகிறேன். நாளைக்கு அப்பாவுக்கு முதல் பஸ், அதனால் சீக்கிரமே படுத்துவிட்டார். ஆனாலும் அவர் தூக்கத்தை நம்ப முடியாது. நடுவில் எழுந்து அம்மாவுக்குப் போர்வை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்ல வேண்டும். உங்கள் பெயரே இந்த வீட்டில் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அப்பா இதுவரை என்னை அடித்ததில்லை. அடித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான் பயம் அதிகமாக இருக்கிறது.

இன்று மத்தியானம் அப்பா வேலையில் இருந்தபோது அம்மா என்னைக் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஒரு லெட்டர் எழுதணும். பேப்பர் எடு."

"யாருக்கு?"

"வேற யாருக்குடி? அவளுக்குத்தான்."

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். நீங்கள் இப்போது இருக்கும் உங்கள் தம்பி வீட்டு விலாசம் அவளுக்கு மனப்பாடம். "போஸ்ட் பண்ணிட்டு வந்துடு. அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்றாள். தெருமுனை வரை போனேன். அங்கேயே நின்று அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து, போஸ்ட் பண்ணிவிட்டேன் என்று சொன்னேன்.

ஆகவே இது அம்மா எழுதச் சொன்ன கடிதம் இல்லை. இது என்னுடையது. வரவேண்டாம். வீட்டு விலாசத்துக்கு எழுதவும் வேண்டாம்.

அம்மாவுக்கு வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அது உங்களுக்குத் தெரியும், லாண்டரி மெஷின் ஸ்விட்சைப் போட்டது நீங்கள்தானே. தெரியாததைச் சொல்கிறேன். ராத்திரியில் இல்லாத விரல்கள் அரிக்கின்றன. "மோதிர விரலைக் கொஞ்சம் சொறிஞ்சு விடும்மா" என்று என்னை எழுப்புவாள். நான் எங்கே சொறிவது? கட்டுக்குக் கீழே இருக்கும் தலையணையைச் சொறிவேன். "ஆமா, அங்கதான்" என்பாள். அவள் தூங்கும்வரை இருட்டில் உட்கார்ந்து தலையணையைச் சொறிந்துகொண்டிருப்பேன். இதை வகுப்பில் யாரிடமும் சொல்ல முடியாது. அப்பாவிடமும் சொல்ல முடியாது, அவர் அழுதுவிடுவார்.

அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவது அப்பா. நான் பின்னுகிறேன் என்றால் விடமாட்டார். பஸ் ஓட்டுகிற கை. சிக்கு எடுக்கும்போது அம்மா கண்களை இறுக்கி மூடிக்கொள்வாள், வலிக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டாள். பின்னல் ஒரு காதுப் பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். ரொம்ப நன்றாயிருக்கிறது என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

லாண்டரி சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அன்று காலையிலிருந்தே உங்களுக்கும் அம்மாவுக்கும் பேச்சு இல்லையாம். "கோவத்துல வேணும்னே பண்ணியிருக்கா" என்று அப்பா அன்றிலிருந்து சொல்கிறார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேண்டுமென்றே செய்தீர்களா?

பதிலைப் பள்ளிக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புங்கள். விலாசம் பின்பக்கம். கடை அண்ணனை நாங்கள் 'ஒன் சைடு' என்போம், எதை நீட்டினாலும் "ஒன் சைடா, ரெண்டு சைடா?" என்று கேட்பார். எனக்கு ஒரு கடிதம் வரும் என்று சொன்னபோதும் அதையேதான் கேட்டார்.

என்னைக் கொசு என்று அழைக்காதீர்கள்.


ஜூன் 19

கொசு என்று எழுதவில்லை. வேறு பெயர் சொல்லி உன்னை நான் கூப்பிட்டதும் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வேண்டுமென்றே செய்யவில்லை.

இதைக் கேட்டதும் உன் கோபம் குறைய வேண்டும் என்று இல்லை. முழுவதும் படித்துவிட்டுச் சொல். பள்ளி விட்டதும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஙொய் ஙொய் என்று பாடம் படித்தவள் நீ, உனக்குப் புரியும்.

அம்மா கொடுக்கிற பக்கம், நான் வாங்குகிற பக்கம். நடுவில் விரிப்புகளைத் தேய்க்கும் அந்தச் சூடான உருளை. ஆள் உயரத்துக்கு ஆவி, ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாது. ஸ்விட்ச் என் பக்கம். படுக்கை விரிப்பு உருளையில் சுற்றிக்கொண்டால் நான் நிறுத்துவேன். அவள் தடுப்பைத் தூக்கிவிட்டு, கையை உள்ளே விட்டு அதை எடுப்பாள். மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் நான் "போடவா?" என்று கத்த வேண்டும். அவள் "போடு" என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு நேர் கீழேதான் நீ உட்காருவாய்.

எங்களுக்குள் சண்டை வருவது உனக்குப் புதிதில்லை. பேச்சில்லாத நாட்களில் முதலில் யார் வாயைத் திறப்பது என்பது பெரிய மானப் பிரச்சினை. அந்த நாட்களில் நான் கத்தமாட்டேன். குனிந்து மெஷினுக்கு அடியில் பார்ப்பேன். அந்தப் பக்கம் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அவள் செருப்பு தெரிந்தால் ஸ்விட்சைப் போடுவேன். அவளுக்கும் இது தெரியும். எத்தனையோ நாள் இப்படி ஓட்டியிருக்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிடும், அதோடு சரி.

அன்றைக்கும் குனிந்தேன். கோட்டுக்குப் பின்னால் செருப்பு இருந்தது. போட்டேன்.

தரையெல்லாம் தண்ணீர். விரிப்பு ரொம்ப உள்ளே மாட்டியிருக்கிறது. ஈரச் செருப்போடு மெஷின் படியில் ஏறினால் வழுக்கும் என்று கழற்றிவிட்டு ஏறியிருக்கிறாள். படியில் நிற்பவளின் கால் என் பக்கத்திலிருந்து தெரியாது. நான் செருப்பைப் பார்த்தேன். அதில் கால் இருந்ததா என்று பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. வீம்பு. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நீயே வைத்துக்கொள்.

இன்னொன்று. அவளுக்கு வலப்பக்கம் படுத்துத்தான் பழக்கம். இப்போது அந்தக் கை அழுந்தும். கட்டிலைத் திருப்பிப் போடச் சொல். ஜன்னல் இடப்பக்கம் வந்தால் தெருவைப் பார்ப்பதற்காகத் தானாகவே இடப்பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன். அம்மாவிடம் பொய் சொல்லாதே என்று எழுதியிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அடித்துவிட்டேன். உன் கடிதத்தில் மேலே ஒரு கறுப்புப் பட்டை, என் கடிதத்தில் கீழே ஒன்று.


ஜூன் 28, இரவு

உங்கள் கடிதத்தை வகுப்பிலேயே, பூகோளப் புத்தகத்துக்குள் வைத்து மூன்று தடவை படித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து ஒன்று செய்தேன்.

அம்மாவின் செருப்பு இங்கேதான் இருக்கிறது. லாண்டரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அவளுடைய சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். டப்பாவை அப்பா கழுவி வைத்தார். செருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டார். நான் அதை எடுத்தேன். அம்மாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் வைத்தேன். இந்தப் பக்கம் வந்து குனிந்து, கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.

"என்னடி தேடுற?" என்றாள் அம்மா கட்டிலில் படுத்தபடி.

"பென்சில்."

"இந்நேரத்துல என்ன பென்சில்?"

நன்றாகத் தெரிகிறது. காலுள்ள செருப்பு வேறு, காலில்லாத செருப்பு வேறு. வார் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, உள்ளே வெளிச்சம் தெரிகிறது. ஒரு சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆகவே நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அம்மாவுக்குக் கை இருந்திருக்கும். அதற்குப் பெயர் வைத்துக்கொள் என்றீர்களே, எனக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் அப்பா சொல்லும் பெயர்கள்தான். அவற்றை எழுத இந்தத் தாள் போதாது.

உங்களைத் தப்பு என்று நிரூபித்துவிட்டு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாவது நாள் ஒன்று தோன்றியது. நான் கால் இல்லை என்று தெரிந்துகொண்டே பார்த்தேன். நீங்கள் தெரியாமல் பார்த்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றியதற்காக உங்கள் மேல் இன்னும் கோபம் வந்தது.

கட்டிலைத் திருப்பிப் போட்டோம். என் யோசனை என்று சொன்னேன். அப்பா என் தலையைத் தடவினார். அந்தத் தடவல் உங்களுக்கு வரவேண்டியது என்பதால் எனக்குக் கூசியது. அம்மா இடப்பக்கம் திரும்பித்தான் தூங்குகிறாள்.

இப்போது ஒரு தொல்லை. ஜன்னல் வழியாகத் தபால்காரர் தெருவுக்குள் வருவது அம்மாவுக்குத் தெரிகிறது. தினமும், "நமக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்கிறேன். உங்கள் கடிதம் என் பையில் இருக்கும்போதே சொல்கிறேன்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் அன்று எதற்காகச் சண்டை? நீங்கள் அதை எழுதவே இல்லை.


ஜூலை 4

நீ சொல்வது சரி. தெரியத்தான் செய்கிறது.

நானும் அதே சோதனையைச் செய்து பார்த்தேன். தம்பி வீட்டு ஹாலில் சோபாவுக்கு அந்தப் பக்கம் என் செருப்பை வைத்துவிட்டு, இந்தப் பக்கம் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். தம்பி பெண்டாட்டி வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, தலை சுத்துதா?" என்று தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு அவள் அவனிடம் சமையலறையில் குசுகுசுவென்று பேசியது கேட்டது. என்னைப் பற்றித்தான். நல்லவர்கள் இரண்டு பேரும். ஆனால் நான் ஹாலுக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

இங்கே ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறேன். ஓடுகிற சாமான் எதுவும் இல்லாத வேலையாகப் பார்த்துச் சேர்ந்தேன். ஒருநாள் மாவு பிசைகிற மெஷினைத் துடைக்கச் சொன்னார்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நான் அதைத் தொடாததைப் பார்த்துவிட்டு அவர்களே வேண்டாம் என்றார்கள். வீட்டில் ஃபேன் போடுவதற்கு முன்னால்கூட "போடவா?" என்று கேட்கிறேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிடுகிறது. தம்பி பிள்ளைகள் "போடுங்க, போடுங்க" என்று கோரஸாகக் கத்துகின்றன. அவர்களுக்கு அது விளையாட்டு. எல்லோரும் படுத்த பிறகு ஒருநாள் இருட்டில் ஸ்விட்சில் கைவைத்துக்கொண்டு கேட்டேன். பதில் சொல்ல யாரும் இல்லை. வியர்வையோடு அப்படியே படுத்துவிட்டேன்.

எதற்காகச் சண்டை என்று சொல்லமாட்டேன். சொன்னால் அவள் மேலும் கொஞ்சம் தப்பு இருப்பது மாதிரி ஆகிவிடும். கை போனவள் அவள். என் பங்கை நான் யாரோடும் பிரித்துக்கொள்வதாக இல்லை.

நீ கிழித்த கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்கமாட்டேன். கூப்பிட்டிருந்தாளா, திட்டியிருந்தாளா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வதோடு சரி. பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும்.

கோபத்தை அவசரப்பட்டு விட்டுவிடாதே. உன் அம்மாவுக்காக இரவில் தலையணையைச் சொறிகிறவளுக்கு அந்த உரிமை உண்டு. பரீட்சைக்கு மட்டும் படி.


ஜூலை 16, இரவு

முதலில் பயந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று அப்பா ஏதோ தாளைப் பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடைக்கு வந்திருக்கிறார். நான் உள்ளே போகும்போது ஒன் சைடு அண்ணன் டிராயரைத் திறந்துகொண்டு, "சார், உங்க பாப்பாவுக்கு ஒரு…" என்று ஆரம்பிக்கிறார். நான் இருமினேன். நிஜமாகவே புரையேறிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், டிராயரை மூடிவிட்டு, "…ஒரு நல்ல டாக்டரா பாருங்க சார், இருமல் ஜாஸ்தியா இருக்கு" என்றார். அப்பா வழியெல்லாம் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். கஷாயம் வேறு குடிக்க வேண்டியதாயிற்று.

இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

போன வாரத்திலிருந்து அம்மா தபால்காரரைப் பற்றிக் கேட்பதில்லை. ஜன்னல் பக்கமும் திரும்புவதில்லை. பழையபடி வலப்பக்கம், கையின் மேலேயே படுக்கிறாள். சாப்பாட்டைப் பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்கிறாள். அப்பா சீப்போடு வந்தால், "இன்னைக்கு விட்டுடுங்க, அப்படியே இருக்கட்டும்" என்கிறாள். தலை சடை பிடித்துக் கிடக்கிறது. அப்பா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார், பிறகு வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கு ஓர் அறையில் இருப்பது மாதிரி இருக்கிறது. இருப்பது ஓர் அறையும் சமையலறையும்தான்.

நேற்று அம்மா மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவ என்னை மன்னிக்கலடி. மன்னிச்சிருந்தா ஒரு வரியாவது போட்டிருப்பா."

"உன்னை எதுக்கும்மா அவங்க மன்னிக்கணும்? கை உன்னோடது!" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். என் முடியைக் கத்தரித்தது பற்றியாம். நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டேன் என்று நீங்கள் லாண்டரி கத்தரிக்கோலால் என் முடியைத் தோள் அளவுக்கு வெட்டிவிட்டீர்களே, அதற்கு மறுநாள். அம்மா உங்களிடம், "நீ ஒண்ணைப் பெத்து வளர்த்திருந்தாத்தானே உனக்குத் தெரியும்" என்று சொன்னாளாம். எல்லோருக்கும் முன்னால். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்குகிற பக்கம் போய்விட்டீர்களாம். "அவ முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும். அந்த வார்த்தைக்கு அப்புறம் அவ எப்படி வாயைத் திறப்பா?" என்றாள்.

நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே வந்து சொல்லிவிட்டேன். கடிதத்தைக் கிழித்தது நான்தான், உங்களோடு எழுதிக்கொண்டிருப்பதும் நான்தான் என்று. அடிப்பாள் என்று நினைத்தேன். "இடது கையால அடிச்சா உனக்கு வலிக்காது. அதனால விடறேன்" என்றாள். அப்புறம் அழுதாள். நானும்.

நீங்கள் இதை எனக்குச் சொல்லாமல் இருந்தது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் மேல் இரக்கம் வந்திருக்கும், அம்மா மேல் கோபம் வந்திருக்கும். அப்படி யார் யார் மேலெல்லாம் கோபப்படுவது? எனக்குத் தலை வலிக்கிறது. உங்களை மட்டும் வெறுத்துக்கொண்டிருந்தபோது சுலபமாக இருந்தது.

நான் கிழித்ததில் என்ன இருந்தது என்று எனக்கு மறக்கவில்லை. அப்படியே எழுதுகிறேன், அம்மா பேசுகிறமாதிரியே:

"அடியே, கை போனது போகட்டும். அன்னைக்கு நான் சொன்னது உன் மனசுல இருந்து போகுமான்னுதான் எனக்குத் தூக்கம் வரல. வந்து நாலு திட்டு திட்டிட்டுப் போ. இங்க ஒருத்தருக்கும் ஒழுங்கா தலை பின்னத் தெரியல. நீ வராட்டி மொட்டை அடிச்சுக்குவேன், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிக்காதே."

அவ்வளவுதான். கை போனவள் மன்னிப்புக் கேட்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் கிழித்தேன்.

வியாழக்கிழமை அப்பா நாலு மணிக்கு மேல்தான் வருவார். வாருங்கள். அம்மாவுக்காகச் சொல்கிறேன். எனக்காக இல்லை. உங்களைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.


ஜூலை 20

வியாழக்கிழமைதான் எனக்கும் விடுமுறை. காலை ரயிலில் வருகிறேன்.

முடி விஷயத்தைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொள்ளாதே. நீ கேட்டாய், நான் வெட்டினேன். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. உனக்கு அது அழகாகத்தான் இருந்தது, அதை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

அவள் எழுதச் சொன்னதை உன் கையெழுத்தில் படித்தேன். பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். ஹாஸ்டல் சமையல்காரர், "என்னம்மா, சோப்பு கண்ணுல பட்டுதா?" என்றார். ஆமாம் என்றேன்.

வாசலில் நின்று "போ" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே திரும்பிவிடுவேன். ரயில் சாயங்காலமும் உண்டு. மனதைக் கட்டிப்போட்டுக்கொண்டு என்னோடு சிரித்துப் பேச வேண்டும் என்று இல்லை. உன் அப்பா என்னைப் பார்க்காமல் இருப்பது அவருக்கு நல்லது. அவர் சொல்வதில் பாதி எனக்கே தோன்றுவதுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வருவது அவளுக்கு முன்னாலேயே தெரியட்டும். திடீரென்று போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. உள்ளே வருவதற்கு முன்னால் கேட்டுவிட்டுத்தான் வருவேன். அவள் பதில் சொன்ன பிறகுதான்.


ஜூலை 25, இரவு

மேலே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். இந்தத் தடவை எதையும் எழுதி அடிக்கவில்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததை உங்களுக்கு எழுதியாக வேண்டும் என்று இருந்தது. அதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாசலுக்கு வெளியே நின்று, "வரவா?" என்று கேட்டீர்கள். உள்ளேயிருந்து அம்மா, "வாடி" என்றாள். அப்போது உங்களைப் பிடித்துப் படியிலிருந்து தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. கட்டுப் போட்ட அம்மாவின் கையை நீங்கள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டபோதும் தோன்றியது. அதனால்தான் காவலுக்கு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

படியில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் செருப்பு கதவுக்கு வெளியே கிடந்தது. நீல வார், அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியது. அப்பா வருவதற்குள் அதை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை எழுந்தேன். கை போகவில்லை. உங்கள் செருப்பை என்னால் தொட முடியவில்லை.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பியிருக்கிறார். உங்களுக்கு அது தெரியாது, நான் உள்ளே வந்து சொல்லவில்லை. அவர் படியேறி வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். வயிற்றுவலி, பென்சில், இருமல், ஒரு பொய்யும் வரவில்லை. அவர் என்னைத் தாண்டிக் கதவுக்குப் போனார். கையை வைக்கப்போனவர் கீழே பார்த்தார்.

செருப்பைப் பார்த்தபடி நின்றார். யாருடையது என்று கேட்கவில்லை. நாம் எல்லோரும் ஒன்றாகச் சுற்றிய நாட்களில் அந்த ஊக்கை வைத்து உங்களைக் கேலி செய்தவர்தானே.

உள்ளே அம்மா உங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவா இழுடி, மண்டைத் தோல் கையோட வந்துடும் போல இருக்கு! பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு உன் கை கரடுமுரடா ஆயிடுச்சு." நீங்கள் ஏதோ சொன்னீர்கள், கேட்கவில்லை. அம்மா சிரித்தாள். மூக்கால் குர்ரென்று சத்தம் வருமே, அந்தச் சிரிப்பு. அந்த நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தம் வந்ததே இல்லை.

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அவர் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பியது. ஒவ்வொரு படியாக, சத்தம் வராமல் இறங்கியது. தெரு முனையில் மூடியிருந்த கடையின் படியில் போய் உட்கார்ந்தார். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் கிளம்பிப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். நீங்கள் எதிர்ப்பக்கமாகப் போனதால் உங்களுக்குத் தெரியவில்லை.

அவர் உங்களை மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். என்னையும் அப்படி நினைக்காதீர்கள். நாளைக்குக் காலையில் அம்மா ஒரு கையால் பற்பசையைப் பிதுக்கத் திண்டாடும்போது எனக்கு மறுபடி எல்லாம் வரும். வந்தால் உங்களுக்குத்தான் எழுதுவேன். வேறு யாருக்கு எழுதுவது?

ராத்திரி சாப்பாடு ஆனதும் அப்பா வழக்கம்போலச் சீப்பை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் வந்தார். பின்னலைப் பார்த்தார். ஒரு முடி பிசகாமல், முதுகுக்கு நேராக விழுந்திருந்தது. அம்மா கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தாள், இமை துடித்துக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் பார்த்தேன்.

அப்பா சீப்பில் சிக்கியிருந்த பழைய முடியை ஒவ்வொன்றாக எடுத்தார். யாரிடமும் இல்லாமல், அந்தச் சீப்பிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"டிப்போல ஏதோ வேலை இருக்காம். இனிமே வியாழக்கிழமைல எனக்கு லேட்டாகும்."

அப்பாவுக்கு வியாழக்கிழமைகளில் டிப்போவில் எந்த வேலையும் கிடையாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.